அச்சிடப்பட்ட தைட்டானிய உலோகக்கலவைகளின் வெப்பப் பதப்படுத்தல்

முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கப்பட்ட தைட்டானியப் பாகங்களைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கி, குறிப்பிட்ட நேரம் வைத்திருந்து, கட்டுப்பாட்டுடன் குளிர்விப்பது அவற்றின் வெப்பப் பதப்படுத்தல் எனப்படும். பாகத்தின் வேதியியல் சேர்க்கையை மாற்றாமல் அதன் உட்கட்டமைப்பை மாற்றுவதே இதன் நோக்கமாகும். வானூர்திப் பாகங்களும் செயற்கை இடுப்பு மூட்டுகளும் இம்முறையில் தயாரிக்கப்படுவதால், அவை பயன்பாட்டின்போது உடையாதிருக்க இப்படிநிலை இன்றியமையாததாகும்.

உலோகக்கலவை

இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவது, எடையில் 6% அலுமினியமும் 4% வனேடியமும் கொண்ட தைட்டானியக் கலவையாகும். 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இதன் அடர்த்தி ஒரு கன சென்ரிமீட்டருக்கு ஏறத்தாழ 4.43 கிராம், இது எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ 56% ஆகும்.

தூய தைட்டானியத்தின் அணுக்கள் 882 பாகை செல்சியசுக்குக் கீழே அறுகோண அமைப்பில் அடுங்கியிருக்கும். இது ஆல்ஃபா நிலை எனப்படும். அதற்கு மேலே அவை மையத்தில் ஓர் அணுவைக் கொண்ட கனசதுர அமைப்புக்கு மாறும். இது பீட்டா நிலை ஆகும். அலுமினியம் ஆல்ஃபா நிலையையும் வனேடியம் பீட்டா நிலையையும் நிலைப்படுத்துவதால், இக்கலவையில் அறை வெப்பநிலையில் இரண்டும் சேர்ந்தே காணப்படும். ஏறத்தாழ 995 பாகைக்கு மேல் கலவை முழுவதும் பீட்டா நிலையை அடையும்.

அச்சிட்ட நிலையில் பண்புகள்

லேசர் அச்சு முறையில், பொதுவாக 30 முதல் 60 மைக்குரோமீட்டர் தடிப்புள்ள உலோகத்தூள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருக்கி இணைக்கப்படுகின்றன. உருகிய சிறு குட்டை மிக விரைவாகக் குளிர்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 410 பாகையை விட வேகமாகக் குளிரும்போது அணுக்கள் இடம்பெயர்ந்து இரு நிலைகளாகப் பிரிய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மார்ட்டென்சைட்டு எனப்படும் மெல்லிய ஊசி வடிவக் கட்டமைப்பு உருவாகிறது.

இக்கட்டமைப்பு வலிமையானது, ஆனால் எளிதில் நீளாது. அச்சிட்ட நிலையில் இழுவலிமை பெரும்பாலும் 1,200 மெகாபாசுக்கல் அளவில் இருக்கும். உடையும்முன் ஏற்படும் நீட்சியோ பல வேளைகளில் 10 விழுக்காட்டுக்குக் குறைவு. 2012இல் வெளியான அமெரிக்கச் சோதனை மற்றும் பொருட்கள் சங்கத்தின் எப்2924 தரம், குறைந்தது 895 மெகாபாசுக்கல் இழுவலிமையையும் 10% நீட்சியையும் கோருகிறது. எனவே வலிமையில் தரத்தை எளிதாகத் தாண்டும் ஒரு பாகம், நீட்சியில் தோற்றுவிடக்கூடும்.

மேலும், மேலடுக்கு குளிர்ந்து சுருங்க முயலும்போது கீழுள்ள திண்ம அடுக்குகள் அதைத் தடுக்கின்றன. இதனால் பாகத்தினுள் எஞ்சிய தகைவு தங்கிவிடுகிறது. அடித்தட்டிலிருந்து பாகத்தை அப்படியே அறுத்தெடுத்தால் அது வளைந்து போகலாம்.

பதப்படுத்தும் முறைகள்

தகைவு நீக்கம்: பாகம் அடித்தட்டில் இருக்கும்போதே 600 முதல் 800 பாகை வரை சூடாக்கப்படுகிறது. எஞ்சிய தகைவு தளர்கிறது. 800 பாகையை நெருங்கும்போது மார்ட்டென்சைட்டு சிதைந்து மெல்லிய ஆல்ஃபா, பீட்டா தகடுகளாகப் பிரிகிறது. வலிமை ஓரளவு குறைந்து, நீட்சி உயர்கிறது.

உயர் வெப்பநிலைப் பதப்படுத்தல்: வெப்பநிலை கூடக்கூட ஆல்ஃபா தகடுகள் தடிக்கின்றன. 995 பாகையைத் தாண்டினால் பீட்டா மணிகள் வேகமாகப் பெரிதாகின்றன. வலிமையும் நீட்சியும் ஒருங்கே குறையக்கூடும். எனவே பெரும்பாலான முறைகள் இவ்வெல்லைக்குக் கீழேயே நிறுத்தப்படுகின்றன.

சூடான சமவழுத்த முறை: ஏறத்தாழ 920 பாகையில், 100 மெகாபாசுக்கல் அழுத்தமுள்ள ஆர்கான் வளிமத்தில் பாகம் சில மணி நேரம் வைக்கப்படுகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் அழுத்தம் உள்ளே உள்ள நுண்துளைகளை மூடுகிறது. மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும்போது வெடிப்புகள் பெரும்பாலும் இத்துளைகளிலிருந்தே தொடங்குவதால், உலோகக் களைப்பைத் தாங்கும் திறன் பெரிதும் உயர்கிறது. மேற்பரப்பு வரை திறந்துள்ள துளைகளை இம்முறை மூடாது. அவற்றினுள்ளும் அதே வளிமம் புகுந்துவிடுகிறது.

இலத்திரன் கற்றை அச்சு முறையில் தூள் படுகையே ஏறத்தாழ 700 பாகையில் வைக்கப்படுவதால், எஞ்சிய தகைவு குறைவு. தனியான தகைவு நீக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கட்டுப்பாடுகள்

சூடான தைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிசனை உறிஞ்சி, மேற்பரப்பில் எளிதில் நொறுங்கும் ஆல்ஃபா படலத்தை உருவாக்கும். ஆகவே வெற்றிடத்திலோ தூய ஆர்கானிலோ பதப்படுத்த வேண்டும். படலம் உருவாகிவிட்டால் கடைந்தோ அமிலத்தால் அரித்தோ நீக்க வேண்டும்.

வெப்பப் பதப்படுத்தல் சொரசொரப்பான மேற்பரப்பைச் சீராக்குவதில்லை. அச்சுப் பாகத்தின் மேற்பரப்புப் பள்ளங்களும் வெடிப்புக்கு வித்திடுவதால், களைப்பு முதன்மையான பாகங்களில் கடைதல் அல்லது மெருகூட்டல் சேர்த்தே செய்யப்படுகிறது. அழுத்தத்தால் மூடப்பட்ட துளைகளில் ஆர்கான் சிக்கியிருந்தால், பின்னர் அழுத்தமின்றி உயர் வெப்பநிலைக்குச் சூடாக்கும்போது அவை மீண்டும் விரியவும் கூடும். எனவே படிநிலைகளின் வரிசையும் முக்கியமானது.