துன்புற்ற சிறார்க்குச் சட்டம் தரும் மறைகாப்பு

கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு முதல் துன்பம் கொடியவனால் வருகிறது. இரண்டாம் துன்பமோ பெரும்பாலும் ஊரார் வாயால் வருகிறது. இவ்விரண்டாம் துன்பத்தைத் தடுக்க மலேசியச் சட்டம் ஒரு வேலி இட்டிருக்கிறது. அதன் இயல்பை ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 18 வயது நிரம்பாதவரைச் சிறார் என்கிறது. அதன் 15ஆம் பிரிவு கூறுவது யாது? சட்டத்தின் முதல் அட்டவணையில் கண்ட குற்றம் ஒரு பிள்ளைக்கு இழைக்கப்பட்டிருந்தாலும், இழைக்கப்பட்டதென்னும் ஐயம் மட்டுமே இருந்தாலும், அப்பிள்ளையின் பெயரையோ, முகவரியையோ, பயிலும் பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடலாகாது. 'ஐயம்' என்னும் சொல்லை நோக்குக. வழக்கு நீதிமன்றம் ஏறும்வரை இக்காப்பு காத்திருப்பதில்லை. காவல்துறையின் விசாரணைக் காலத்திலேயே உண்டு. மீறுவோர்க்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதுமா? போதாது. பிள்ளை இன்னார் என்று காட்டும் விவரம் எதுவும் கூடாது. பிள்ளையின் படத்தோடு, அடையாளம் காட்டக்கூடிய வேறு ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் படங்களுக்கும் தடை உண்டு. அவற்றை இதழ்களில் அச்சிடவும் மின்னியல் ஊடகத்தில் அனுப்பவும் கூடாது.

இதன் நுட்பம் தோட்டத்தில் வாழ்வோர்க்கு நன்கு விளங்கும். கோலாலம்பூரில் 'பத்து வயதுச் சிறுமி' என்றால் ஆயிரம் பேர் இருப்பர். நாற்பது வீடுள்ள தோட்டத்தின் பெயரைச் சொல்லி, தந்தை பால்மரம் வெட்டுபவர் என்றும் சேர்த்துவிட்டால், பெயரையே சொன்னதாகும் அன்றோ? குற்றஞ்சாட்டப்பட்டவர் உறவினராயின், அவர் பெயரும் உறவுமுறையும் சேர்ந்தே பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும்.

சாட்சி சொல்லுமிடத்தும் காப்பு உண்டு. 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டப்படி, பிள்ளை திரைக்குப் பின்னிருந்தோ, வேறு அறையிலிருந்து நேரடி ஒளிபரப்பு வழியாகவோ பேசலாம். முன்னரே பதிவு செய்த காணொளியையும் முதல் வாக்குமூலமாகக் கொள்ளலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மறைகாப்பு வேறு, மூடிமறைத்தல் வேறு. 'பிள்ளையின் மானம் போகும்' என்று செய்தியை அமுக்கினால் காக்கப்படுபவன் குற்றவாளியே. 2017ஆம் ஆண்டின் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதவர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கவை இவை: பிள்ளை கூறுவதைப் பொறுமையுடன் கேட்டல், அதன் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதிவைத்தல், துருவித்துருவி வினவாமை, காவல் நிலையத்திற்கோ, 15999 என்னும் தாலியான் காசே எண்ணிற்கோ உடனே தெரிவித்தல், எழுதிய தாளைப் பூட்டி வைத்தல், ஆசிரியர் அறையிலும், வாட்சாப் குழுவிலும், கோயில் வாசலிலும் அதைப் பற்றி வாய் திறவாமை.

அப்பிள்ளை நாளையும் நம் வகுப்பில் வந்து அமர வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் போலவே அமர வேண்டும். அதற்குச் செய்தி காவல் நிலையம் செல்லட்டும். பெயர் நம்மோடு நிற்கட்டும்.