ஒரு கவர் விதை, ஓராண்டுக் காத்திருப்பு
அரிய பனை வகைகளை வளர்ப்பவர்கள் காசு வாங்காமல் விதைகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். சில இனங்களின் எதிர்காலமே இப்படிக் கைமாறும் கொட்டைகளில் இருக்கிறது.

பழுப்பு நிறக் கவர். உள்ளே கசங்கிய செய்தித்தாள், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் பத்துப் பதினைந்து கொட்டைகள். கூடவே பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: மரத்தின் லத்தீன் பெயர், பழம் பொறுக்கிய தேதி. கொல்கத்தாவிலிருந்து பெங்களூருக்கும் கொச்சியிலிருந்து புனேவுக்கும் இப்படிப்பட்ட கவர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. விலை கிடையாது. தபால் செலவு வாங்குபவருடையது. அடுத்த பருவத்தில் தன் மரம் காய்த்தால் அவரும் நாலு கொட்டை அனுப்பிவைப்பார். அனுப்பாவிட்டால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை; ஆனால் கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கும்.

தமிழனுக்குப் பனை என்றால் ஒரே பனைதான். இவர்களுக்கு அப்படியல்ல. தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தப்பனை, பிரம்பு எல்லாமே ஒரே குடும்பம். உலகம் முழுவதும் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள். இந்தியாவில் சுமார் நூறு. அதில் பாதிக்கு மேல் பிரம்புகள். ரோஜாவோ ஆர்க்கிட்டோ வளர்ப்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பூவைப் பார்த்துவிடுகிறார். பனைக்காரருக்கு அந்த யோகம் இல்லை. கொட்டை முளைக்க ஆறு மாதம், இலை விரிய இன்னும் சில மாதம், மரம் என்று சொல்லிக்கொள்ள பத்து வருடம். பணி ஓய்வுக்குப் பிறகு இந்தப் பித்துப் பிடித்தவர்களைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பதில் ஆச்சரியமில்லை.

பணம் கொடுத்து நர்சரியில் வாங்கினால் என்ன? அங்கே கிடைப்பது ஐந்தாறு வகைதான். அதோடு, நெல்லையும் கேழ்வரகையும் போலப் பனை விதைகளைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பெரும்பாலான வெப்பமண்டலப் பனைகளின் விதை உலர்ந்தால் கரு செத்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் அதே கதி. சில இனங்களுக்குப் பழம் விழுந்து சில வாரங்கள்தான் கெடு. எனவே மரம் காய்த்திருக்கிறது என்று தெரிந்த உடனேயே பொறுக்கி, சுத்தம் செய்து, அனுப்பியாக வேண்டும். விதை வங்கி வைத்து நடத்தக்கூடிய தொழில் அல்ல இது. 1956-ல் டென்ட் ஸ்மித் என்பவர் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கிய சர்வதேசப் பனைச் சங்கம் பல ஆண்டுகள் 'விதை வங்கி' நடத்தியது உண்மைதான். ஆனால் பெயர்தான் வங்கி. அங்கே இருப்பு நிற்கவில்லை. வந்த விதை வந்த வேகத்தில் உறுப்பினர்களுக்குப் போனது.

சுத்தம் செய்வதிலேயே முதல் பரீட்சை. கூந்தப்பனைப் பழத்தை வெறும் கையால் பிசைந்தவர் மறுமுறை அதைச் செய்ய மாட்டார். சதையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கையில் ஏறினால் மணிக்கணக்கில் அரிப்பு. மரநாய்களோ அதே பழத்தை ருசித்துத் தின்றுவிட்டுப் போகின்றன. அனுபவசாலிகள் பழங்களைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டுச் சதையை அழுகவிடுகிறார்கள். பிறகு ரப்பர் கையுறையோடு தேய்த்துக் கழுவுகிறார்கள். நாற்றம் அக்கம்பக்கத்துக்கும் போகும்.

அடுத்தது பை. மண் தொட்டியில் விதைத்துத் தினம் தண்ணீர் ஊற்றுவது பழைய முறை. இப்போது பரவலாக இருப்பது, வாய் மூடும் பிளாஸ்டிக் பைக்குள் ஈரமான தென்னை நார்க்கழிவைப் போட்டு அதில் விதைகளைப் புதைத்துவைப்பது. ஈரத்தின் அளவில்தான் சூட்சுமம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது; கையில் குளிர்ச்சி தெரிய வேண்டும். அதிகமானால் பூஞ்சணம், குறைந்தால் விதை காய்ந்துபோகும். பல இனங்களுக்கு 27 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் இதில் கவலையே இல்லை. பெங்களூர்க்காரர்கள் பையை ஃபிரிட்ஜின் தலைமேல் வைக்கிறார்கள். டெல்லிக்காரர்கள் குளிர்காலத்தில் விதையே வாங்குவதில்லை. பையின் மேல் எழுதிய மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும் என்பதால்தான் பென்சில் சீட்டு. பெயர் தெரியாத கன்றை வைத்துக்கொண்டு பத்து வருடம் யூகிப்பதைவிடக் கொடுமை இந்த வட்டாரத்தில் வேறில்லை.

முளைப்பதிலும் இரண்டு ஜாதி. கமுகு போன்றவற்றில் குருத்து விதையை ஒட்டியே எழும். வேறு சில இனங்கள் விதையிலிருந்து ஒரு குழாயை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அதன் அடியிலிருந்துதான் வேரும் இலையும் விடும். பாடப்புத்தகத்தில் இதை விளக்கப் படம் தேவைப்படும், தமிழருக்குத் தேவையில்லை. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டை மண்ணுக்குள் இறக்கிய முளையே கிழங்கு. கொட்டையை வெட்டினால் உள்ளே கிடைக்கும் தவண், கருவுக்கு உணவை உறிஞ்சித் தரும் பஞ்சு. மடகாஸ்கரின் நீலச்சாம்பல் நிற பிஸ்மார்க்கியாவும் இதே ஜாதிதான். சாதாரணத் தொட்டியில் போட்டால் முளை அடியில் இடித்துச் சுருண்டுவிடும். அதற்காக உயரமான பிளாஸ்டிக் குழாயை நறுக்கித் தொட்டியாக்குகிறார்கள். அவசரப்பட்டு ஜிப்ரலிக் அமிலத்தில் விதையை ஊறவைப்பவர்களும் உண்டு. முளை சீக்கிரம் வரலாம். ஆனால் நாற்று ஒல்லியாக நீண்டு, நிற்க முடியாமல் சாயும். பழைய ஆட்கள் இதைத் தொடுவதில்லை.

பரிமாற்றத்தில் ஏமாற்று குறைவு, ஏமாற்றம் அதிகம். ஈச்ச மர வகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தாராளமாகக் கலந்துவிடும். தோட்டத்தில் பொறுக்கிய விதையை நம்பி வளர்த்தால், தாய் ஒன்று, பிள்ளை வேறு. சீட்டில் தேதியோடு 'தனி மரமா, கூட்டத்தில் நின்றதா' என்றும் எழுதச் சொல்லும் கறார்ப் பேர்வழிகள் இருப்பது நியாயமே.

கொட்டைகளுக்குப் பின்னால் களவும் இருந்திருக்கிறது. இன்று கல்யாண மண்டப வாசலிலும் கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்திலும் வரிசையாக நிற்கும் நரிவால் பனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கேப் மெல்வில் என்ற ஒதுக்குப்புறமான பாறைப் பகுதியில் மட்டுமே வளர்ந்தது. தாவரவியலாளர் ஆந்தனி இர்வின் 1983-ல்தான் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார். அதன் அழகு வெளியே தெரிந்ததும் காட்டு மரங்களிலிருந்து விதை கடத்தல் தொடங்கி, 1990-களின் தொடக்கத்தில் அங்கே அரசியல் சர்ச்சையாகவே வெடித்தது. பிறகு தோட்ட மரங்கள் காய்க்க ஆரம்பித்தன, விலை சரிந்தது, திருட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மடகாஸ்கரில் வழி வேறாக இருந்தது. அங்கே முந்திரித் தோட்டம் நடத்திய சேவியர் மெட்ஸ் கண்ணில் பட்ட பிரம்மாண்டமான பனை, 2008-ல் தஹினா ஸ்பெக்டாபிலிஸ் என்று பெயர் பெற்றது. காட்டில் இருந்தவை நூறுக்கும் குறைவு. விதையை ரகசியமாக வைத்துக் காவல் காப்பதற்குப் பதிலாக, லண்டனின் கியூ தாவரத் தோட்டமும் ஒரு விதை வணிகரும் சேர்ந்து அதை வெளிப்படையாக விற்க ஏற்பாடு செய்தார்கள். பணத்தில் ஒரு பங்கு அந்தக் கிராமத்துக்கே போனது. மரம் நிற்பதில் கிராமத்துக்கு லாபம் என்றால் கோடரி தானாகக் கீழே இறங்கும் என்ற எண்ணம்.

இந்தியாவில் இப்படி யாரும் நிதானமாக யோசித்ததாகத் தெரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பாறைச் சரிவுகளில் மட்டும் வளர்கிறது பென்டிங்கியா கொண்டபன்னா. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் பென்டிங்கின் பெயரைச் சுமக்கும் இனம். யானைகளுக்கு அதன் குருத்து பிடித்தமான தீனி. ஆசைப்பட்டுக் காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்குவது வனச் சட்டப்படி குற்றம். தோட்டங்களில் வளர்க்கப்பட்டதோ அபூர்வம். அதன் நிக்கோபார் தங்கை நகரப் பூங்காக்களில் சுலபமாகக் கிடைக்கிறது. ஆகவே யாரும் நிக்கோபார் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தில்தான் பொழுதுபோக்கு வளர்ப்பாளர்களின் உபயோகமே இருக்கிறது.

வெளிநாட்டு நண்பர் கவரில் போட்டு அனுப்பும் விதை வேறு சங்கதி. 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பத்துக் கொட்டைக்கு இத்தனை காகிதமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. 1998-ல் கேரளத்தில் தலைகாட்டிய ஈரியோபைட் சிலந்தி தென்னைக்குச் செய்ததையும், 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ செய்ததையும் பார்த்த விவசாயி அப்படி முணுமுணுக்க மாட்டார். அவற்றுக்கும் விதைக் கவர்களுக்கும் முடிச்சுப் போட முடியாதுதான். ஆனால் கோடிக்கணக்கான தென்னை நிற்கும் நாட்டில் இந்தக் கட்டுப்பாடு அதிகமல்ல.

வங்காளத்தின் டாலியேரா பனைக்கு நேர்ந்ததை இவர்கள் அடிக்கடி பேசுகிறார்கள். தாளிப்பனையின் நெருங்கிய சொந்தம். ஒருமுறை பூத்துக் காய்த்துவிட்டு மரம் செத்துவிடும். 1979-ல் சாந்திநிகேதன் அருகே ஒரு கிராமத்தில் கடைசிக் காட்டு மரம் பூத்தபோது, அந்த ராட்சதப் பூங்கொத்தைப் பார்த்துப் பேய்ப்பனை என்று பயந்த ஊரார் காய்ப்பதற்கு முன்பே அதை வெட்டிவிட்டார்கள். மீதமிருந்தவற்றில் ஒன்று டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்றது. அது 2008-ல் பூத்தது. இம்முறை யாரும் பயப்படவில்லை. விதைகளைச் சேகரித்தார்கள், முளைக்கவைத்தார்கள், கன்றுகளைப் பிரித்து நட்டார்கள். மரம் வழக்கம்போல் இறந்தது.

நம் பக்கத்துத் தாளிப்பனைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. சுவடி எழுத ஓலை கொடுத்த மரம். முப்பது முதல் எண்பது வயதுக்குள் எப்போதாவது பூக்கும். பழம் முற்ற ஏறக்குறைய ஓராண்டு. பிறகு கொட்டை மழை. கேரளத்தில் ஒரு மரம் பூத்தால் உள்ளூர்ச் செய்தியாகிவிடுகிறது; விதை ஆர்வலர்கள் நாள் குறித்துக் காத்திருக்கிறார்கள். முளைப்பதில் தகராறு இல்லை. தொட்டியில் நான்கைந்து வருடம் தாங்கும். அதற்குமேல் ஒரே இலை நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு விரியும். மொட்டை மாடியில் முளைக்கவைத்தவர்கள் அப்போது கல்லூரி முதல்வர்களுக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் கடிதம் எழுத ஆரம்பிக்கிறார்கள்: கன்று இலவசம், நாலு பேர் கைகோத்து நிற்கும் அளவு இடம் மட்டும் வேண்டும்.