கிருமியைக் கொன்னா மட்டும் போதுமா?

குற்றாலம் சீசனில் அருவிக்குளியல் முடிஞ்சதும் அடுத்த ஸ்டாப் பரோட்டா கடைதான். உட்கார இடம் இல்லைன்னா பார்சல். கொதிக்கக் கொதிக்க, எண்ணெய் மிதக்கும் சால்னாவை எதில் கட்டித் தர்றாங்கன்னு என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அதற்கு மாற்றா இன்ஜினியரிங் ப்ராஜெக்ட்களில் அடிக்கடி வரும் ஐடியா, ஸ்டார்ச் அல்லது கைட்டோசான் ஃபிலிமுக்குள் வெள்ளி நானோ துகள்களைச் சேர்ப்பது. அகார் தட்டில் ஃபிலிமைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் தெரிஞ்சதும் ரிப்போர்ட் முடிஞ்சிடும். உண்மையில் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கப் பளபளப்பும் உலோகம்தான். அது ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், சில பத்து நானோமீட்டர் தடிமன். ஆனா அது தொடர்ச்சியான படலம். காற்று, ஈரம், வெளிச்சம் உள்ளே வராம தடுப்பதுதான் அதன் வேலை. உணவுக்கும் அதுக்கும் நடுவில் பொதுவா ஒரு பிளாஸ்டிக் அடுக்கும் இருக்கும்.

வெள்ளி நானோ ஃபிலிம் வேற மாதிரி. 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகள்கள் பாலிமருக்குள் சிதறிக் கிடக்கும். ஈரம் பட்டதும் அவற்றிலிருந்து வெள்ளி அயனிகள் வெளிவந்து கிருமியைத் தாக்கும். அதாவது, வெள்ளி வெளியே வந்தால்தான் ஃபிலிம் வேலை செய்யும். வெளியே வந்த வெள்ளி எங்கே போகும்? நம்ம சாப்பாட்டுக்குள்தான்.

அது எவ்வளவுன்னு அளப்பதுதான் மைக்ரேஷன் டெஸ்ட். நிஜ உணவை வைத்து அளப்பது கஷ்டம். அதனால ஐஎஸ் 9845 தரநிலை உணவுக்குப் பதிலா சில திரவங்களைச் சொல்லுது. தண்ணீர் நிறைந்த உணவுக்கு வடிநீர், புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்க்கு ஹெப்டேன். தென்காசிக் கணக்கில் சொன்னா, புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் அசிட்டிக் அமிலப் பக்கம், சால்னா ஹெப்டேன் பக்கம். ஃபிலிமைக் குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட நேரம் திரவத்தில் வைத்து எடுத்து, திரவத்தை ஆவியாக்கி மிச்சத்தை எடை போடுவாங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 பேக்கேஜிங் விதிப்படி, பிளாஸ்டிக்கிலிருந்து கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் வரக்கூடாது.

இங்கேதான் சிக்கல். வெள்ளிக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு வெறும் 0.05 மில்லிகிராம். அந்த 60-ல் இது 1200-ல் ஒரு பங்கு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் வெள்ளி கலந்தாலும் உங்க ஃபிலிம் மொத்த மைக்ரேஷன் டெஸ்டில் ஜம்முன்னு பாஸ் ஆகும். ஆனா வெள்ளிக்கான வரம்பை 20 மடங்கு தாண்டியிருக்கும். அதனால உலோகத்தைத் தனியா அளக்கணும். அதுக்கு ஐசிபி-எம்எஸ் கருவி வேணும். புளிப்பில்தான் வெள்ளி அதிகமா வெளியேறும் என்பதால், வடிநீரில் மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு “சேஃப்”னு எழுதவும் முடியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கு: வந்தது அயனியா, முழுத் துகளா? இரண்டும் உடம்பில் ஒரே மாதிரி நடந்துக்கும்னு சொல்லிட முடியாது. அதனாலதான் ஐரோப்பிய பிளாஸ்டிக் விதிகள், ஒரு பொருளுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தாலும் அதன் நானோ வடிவத்துக்குத் தனி அனுமதி கேட்குது. 2014-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, பதிவு செய்யாத நானோ வெள்ளி கலந்த உணவு டப்பாக்களின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியாவிலும் நானோ வேளாண், உணவுப் பொருட்களை மதிப்பிட 2020-ல் தனி வழிகாட்டுதல் வந்திருக்கு.

அடுத்த செமஸ்டரில் இந்த டாபிக் எடுக்கிறீங்களா? எந்த உணவுக்கு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்துக்கு இந்த ஃபிலிம்னு சினாப்சிஸிலேயே எழுதிடுங்க. மைக்ரேஷன் டெஸ்டுக்கான செலவையும் பட்ஜெட்டில் சேர்த்திடுங்க. சென்னை கிண்டியில் இருக்கும் சிப்பெட் மாதிரியான லேப்களில் விசாரிக்கலாம். வைவாவில் “எத்தனை பாக்டீரியா செத்துச்சு?”ன்னு கேட்டா எல்லாரும் பதில் சொல்லிடுவாங்க. “எவ்வளவு வெள்ளி சாப்பாட்டுக்குள்ள போச்சு?”ன்னு கேட்டாலும் உங்க கையில் ஒரு நம்பர் இருக்கட்டும்.