எண்ணூர் ஆஸ்டினை எழுப்புவது எப்படி?

சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1948-ல், ரகுநந்தன் சரண் அவர்கள் தம் புதல்வரின் பெயரால் அசோக் மோட்டார்ஸை ஸ்தாபித்தார். 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டு வெளிவரலாயின. 1955-ல் அந்த ஸ்தாபனம் அசோக் லேலண்டு ஆயிற்று.

அத்தகைய வண்டி ஒன்று பல வருஷம் கொட்டகையில் உறங்கியிருந்தால், எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. துருவேறிய பிஸ்டன் வளையங்கள் முறிந்தால் மாற்று எங்கே தேடுவது? நாலு பிளக்குகளையும் கழற்றி, ஸிலிண்டர்களில் சிறிது எண்ணெய் வார்த்து, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கைப்பிடியைச் செருகி மெள்ளச் சுழற்றலாம். அசையாவிட்டால் மறுபடியும் எண்ணெய்தான், முரட்டுத்தனம் கூடாது. அவசரக்காரர்களுக்கு இவ்வேலை ஆகாதென்பது நமது அபிப்பிராயம். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதையும் கழுவிவிட்டே புதுப் பெட்ரோல் விடவேண்டும். முதலில் கிளம்பும் நீலப் புகையைக் கண்டு வீட்டார் பதற வேண்டாம்: நாம் ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது.