கூரைத் தகட்டில் கல்நார் உண்டா?

பழைய லயத்து வீடுகளின்மேல் நெளிநெளியான சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கிறதா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. அந்த இழை மூச்சோடு உள்ளே போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயும் வரலாம்.

சோதனைச்சாலையில் தகட்டுத் துண்டைப் பொடித்து, இழைகளைப் பிரித்து, ஒளிவிலகல் எண் 1.550 உள்ள எண்ணெயில் இட்டு, ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் நுண்பெருக்கியில் பார்க்கிறார்கள். வெள்ளைக் கல்நார் சுருள்முடிபோல் தெரியும். பழுப்பும் நீலமும் ஊசிபோல் நேராகக் கிடக்கும். மிக நுண்ணிய இழைகளுக்கு எலெக்ட்ரான் நுண்பெருக்கி வேண்டும்.

எக்ஸ்ரே முறையும் உண்டு. எலும்பு முறிவுக்கு எடுக்கிறோமே, அந்தப் படம் அல்ல இது. பொடியின்மேல் கதிரைப் பாய்ச்சினால், அது சிதறும் கோணங்கள் தாதுவின் பெயரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது இழையா, இழையற்ற அதே வகைக் கல்லா என்று சொல்லாது. நூற்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் தப்பியும் போகலாம். ஆகவே நுண்பெருக்கியையே முதல் சாட்சியாக நாம் கொள்வோம்.

மாதிரிக்காக நாமே தகட்டை உடைக்கக்கூடாது. பயிற்சி பெற்றவர் முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்து, சிறு துண்டு எடுத்து, பையில் இட்டு மூடவேண்டும். அதுவரை பிள்ளைகள் அப்பால் இருக்கட்டும்.