தில்லி சாலைப் பலகைகள்: ஒரே பெயர், நான்கு எழுத்துகள்

புது தில்லி: தலைநகரின் சாலைப் பெயர்ப் பலகைகள் பலவற்றில் ஒரே பெயர் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு எழுத்துகளில் காணப்படுகிறது. இவற்றைத் தேடித் தேடிப் படம்பிடிப்போர் உள்ளனர்.

இந்தி ஆட்சிமொழியாகவும், பஞ்சாபியும் உருதும் இரண்டாம் ஆட்சிமொழிகளாகவும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்டன. காரணம் அதனினும் பழையது. உருது, முகலாயரின் ஷாஜஹானாபாத்தில் செழித்த மொழி. பஞ்சாபியர் பெருமளவில் இங்குக் குடியேறியது 1947 பிரிவினையால்.

பலகைகள் நிலைத்து நிற்பதில்லை. 2015-இல் அவுரங்கசீப் சாலை, ராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் பெயரைப் பெற்றது. 2022-இல் ராஜபாதை 'கர்தவ்ய பாதை' ஆனது. பெயர் மாறியதை அரசு ஆவணம் கூறும். பழைய பலகையில் எம்மொழி முதலில் நின்றது, எழுத்து எவ்வடிவில் இருந்தது என்பதைக் காட்ட வழிப்போக்கர் எடுத்த படமே வேண்டும்.

கடைப் பலகைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஃபிளெக்ஸ் பதாகைகள் பெருகியதால் தூரிகையால் எழுதுவோர் பலர் வேலையிழந்தனர். அவர்தம் எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக மாற்றும் பணியைத் தொடங்கிய கலைஞர் ஹனீஃப் குரேஷி 2024-இல் காலமானார். அவ்வெழுத்துருக்கள் அந்தத் தெருவோர ஓவியர்களின் பெயராலேயே வழங்குகின்றன.