தமிழ் தெரியாத பிள்ளைக்கும் பால்வாடியில் இடமுண்டு

மழை ஓய்ந்ததும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும் கூடவே வருகின்றன. பக்கத்துப் பால்வாடியில் கேட்டால், "தமிழ் தெரியாத பிள்ளையை வச்சு என்ன செய்யறது?" என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவு உரிமை. தாய்மொழி அதற்கு நிபந்தனை அல்ல. ஆறு வயதானால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும் அதன் 29ஆவது பிரிவு சொல்கிறது. இது நடக்காத காரியமும் அல்ல: திருவள்ளூர் சூளைகள் சிலவற்றில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து வகுப்புகள் நடந்திருக்கின்றன.

சேர்த்துக்கொண்ட பிறகு வரும் ஆபத்து இன்னும் பெரிது. புது மொழிக்கு நடுவே விடப்பட்ட பிள்ளை சில வாரம், சில மாதம்கூட வாய் திறக்காமல் இருக்கும். அது மந்தம் இல்லை, காதால் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதட்டிப் பேசவைப்பதும், கடைசி வரிசையில் தனியே உட்காரவைப்பதும் பெரும் கெடுதல். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை ஆகிய நான்குக்கும் அதன் மொழிச் சொல்லைத் தாயிடம் கேட்டு ஆசிரியை கற்றுக்கொண்டாலே பாதி பயம் போய்விடும்.

"வீட்டிலும் தமிழ்லயே பேசுங்க" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த தாய், பிள்ளையோடு பேசுவதையே குறைத்துவிடுவாள். ஒடியாவில் எண்ணத் தெரிந்த பிள்ளை தமிழில் எண்களின் பெயரை மட்டும் படித்தால் போதும். இரண்டு மொழியையும் கலந்து பேசினால் குழப்பம் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வளர்கின்றன.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் தாய்மொழியிலும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காது கேட்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தமிழ் தெரியாததால்தான் பேசவில்லை என்று விட்டுவிட்டால் வருடங்கள் வீணாகும். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். காத்திருக்க முடியாவிட்டால் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

அங்கன்வாடியில் மறுத்தால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பள்ளி தொடர்பாக 14417, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. முடிவு சொல்ல மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனால் சூளை வேலை ஜூன் வாக்கில் முடிந்து குடும்பம் ஊர் திரும்பிவிடும். ஆகவே குடும்பம் வந்து இறங்கிய வாரத்திலேயே மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.